தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆல்பம் சாங் எடுப்பது எப்படி: ஒன்றன்பின் ஒன்றாக முழு வழிகாட்டி

கல்யாண வீடியோ எடுத்துக் கை பழகியவர்கள்தான் நம் பக்கம் ஆல்பம் சாங் (சினிமாவில் வராமல் தனியாக வெளியிடும் பாட்டு வீடியோ) எடுக்க அதிகம் வருகிறார்கள். கேமரா கையாளத் தெரியும், ட்ரோன் தெரியும், எடிட்டும் தெரியும். ஆனாலும் முதல் பாட்டில் தடுக்கி விழுகிறார்கள். கல்யாணத்தில் நடப்பதைப் பிடித்தால் போதும், முகூர்த்த நேரம் தானாக வரும். பாட்டில் தானாக எதுவும் நடக்காது. எந்த வரிக்கு யார் எங்கே நிற்கிறார், என்ன உடையில், எந்தப் பக்கம் வெளிச்சம் என்பதெல்லாம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே தாளில் இருக்க வேண்டும்.

புதியவர்கள் வழக்கமாகப் போகும் வரிசை இது: முதலில் காஸ்ட்யூம், அப்புறம் ஒகேனக்கல்லா அணையா என்ற விவாதம், அப்புறம் ட்ரோன், கடைசியில் பாட்டு. இங்கே நான் சொல்வது ஏறக்குறைய தலைகீழ். ஒரு பாடகர், நாலைந்து டான்சர்கள், ஒரு மிரர்லெஸ் கேமரா அல்லது நல்ல செல்போன், உதவிக்கு மூன்று நான்கு பேர் என்ற அளவுள்ள குழுவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பாட்டின் நீளத்தைப் பூட்டுங்கள்

மிக்ஸிங் முடியாவிட்டால் பரவாயில்லை. குரல் கொஞ்சம் கூட்டலாம், பேஸ் குறைக்கலாம், அதெல்லாம் பிறகு நடக்கட்டும். ஆனால் பாட்டின் வேகமும் நீளமும் ஷூட்டுக்குப் பிறகு மாறக் கூடாது. இசையமைப்பாளர் இடையில் நான்கு பார் (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்) குறைத்துவிட்டால் அங்கே எடுத்த ஆட்டம் முழுக்க எடிட்டில் பொருந்தாது.

அதே நாளில் உரிமையையும் எழுதி வாங்குங்கள். மெட்டு, வரிகள், பதிவு செய்த ஒலி மூன்றும் தனித்தனி உரிமைகள். நண்பன் எழுதிய பாட்டுதானே என்று விட்டால், வீடியோ ஓடத் தொடங்கிய பிறகு நட்பு மாறும். இணையத்தில் பீட் (பாடுவதற்குத் தயாராக விற்கும் பின்னணி இசை) வாங்கியிருந்தால் உரிமத்தைப் படியுங்கள். அதே பீட்டை வேறு பலருக்கும் விற்கும் வகை உரிமம் என்றால், யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பாட்டை வேறு யார் பயன்படுத்தினாலும் கண்டுபிடிக்கும் வசதி) அந்தப் பாட்டை உங்களுடையதாகப் பதிய முடியாது.

2. நொடிக் கணக்குத் தாள்

பாட்டை ஐந்தாறு முறை கேட்டு, தொடக்க இசை, பல்லவி, இடையிசை, முதல் சரணம், மறுபடி பல்லவி, இரண்டாம் சரணம் என்று நொடியோடு எழுதுங்கள். வேகம் 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு அரை நொடி, நான்கு தட்டு சேர்ந்த ஒரு பார் 2 நொடி. 3 நிமிடம் 40 நொடிப் பாட்டில் 110 பார் வரும். எட்டு பாருக்கு ஒரு வரிசை என்று கட்டம் போட்டால் தாள் கையடக்கமாக இருக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு விஷயம் மட்டும்: இடம், உடை, வாயசைப்பு உண்டா இல்லையா, என்ன ஷாட். அதற்கு மேல் எழுதினால் ஷூட்டில் யாரும் படிக்க மாட்டார்கள்.

சில வழக்கங்களை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். இடமும் உடையும் மாற நல்ல இடம் இடையிசை. வரியின் நடுவில் மாற்றினால் பார்ப்பவர் கவனம் வரியிலிருந்து நழுவும். பல்லவி திரும்பி வரும்போதெல்லாம் ஒரே உடை, ஒரே இடம் இருந்தால் அது பாட்டின் முகமாகப் பதியும். கதை வைக்கிறீர்கள் என்றால் கதைக் காட்சிகளை சரணங்களில் வையுங்கள், பல்லவியை ஆட்டத்துக்கு விடுங்கள். பாட்டு தொடங்கும் முன் ஒரு நிமிட வசனக் காட்சி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. பாட்டுக்கென்று வந்தவர் அதைத் தள்ளிவிட்டுத்தான் பார்ப்பார், எனவே பெயர் போட ஆகும் நேரத்துக்குள் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

3. லொகேஷன்: அழகுக்கு முன் வெளிச்சம்

இடம் பார்க்கப் போவது ஞாயிறு மதியம், ஷூட் வைப்பது செவ்வாய் காலை. இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எந்த நேரத்தில் எடுக்கப் போகிறீர்களோ அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். மலை நிழல் எப்போது விலகுகிறது, சூரியன் யார் முகத்தில் அடிக்கிறது என்பது வேறு நேரத்தில் போனால் தெரியாது.

நம் இரண்டு மாவட்டத்திலும் காலை எட்டரைக்குப் பிறகு வெயில் உச்சியை நோக்கி ஏறத் தொடங்கிவிடும். கண்குழிகள் கறுத்து, மூக்குக்குக் கீழே நிழல் விழும். திறந்தவெளி வேலையை அதற்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும் வைத்து, நடுப்பகலை நிழலான இடத்துக்கு ஒதுக்குங்கள்.

நடுப்பகலுக்கு என் முதல் தேர்வு ஓசூர் பக்கத்து ரோஜா பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்ட தோட்டக் குடில்). கூரை ஷீட் வெயிலை வடிகட்டி மென்மையாக்கிக் கொடுக்கும், தனி லைட்டே வேண்டாம். உள்ளே புழுக்கம் அதிகம், எனவே மேக்கப் சீக்கிரம் கலையும். மருந்து அடித்த அன்று உள்ளே போகாதீர்கள். காதலர் தினத்துக்கான ஏற்றுமதி வேலை நடக்கும் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் தோட்டக்காரர்களிடம் கேட்டே பயனில்லை.

காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாந்தோப்பு பார்க்க நிழல்தான். ஆனால் இலை இடுக்கில் வரும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். கண்ணுக்கு அழகு, கேமராவில் தழும்பு போல இருக்கும். தலைக்கு மேல் வெள்ளைக் காடாத் துணியை நான்கு மூலையில் கட்டி, முகத்துக்கு எதிரே ஒரு தெர்மாகோல் பலகை பிடித்தால் சரியாகிவிடும்.

ஒகேனக்கல்லில் இரண்டு பிரச்சினை. அருவிச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது. கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால், பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில், பரிசலுக்கும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். நீர்வரத்துச் செய்தியை முந்தின நாள் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். சாரல் லென்ஸில் படியும், துடைக்கும் துணி நாலைந்து வேண்டும். எதிர்க்கரை கர்நாடகம், அங்கே இறங்கி எடுத்தால் இங்கே வாங்கிய அனுமதி செல்லாது.

வத்தல்மலை, தளி பக்கம் மார்கழிப் பனியில் காலை நேரம் அருமையாக இருக்கும். ஆனால் பனி அரை மணியில் கலைந்துவிடும். அதை நம்பி முழுச் சரணத்தை வைக்காமல் இடையிசைக்கு நாலு ஷாட் மட்டும் திட்டமிடுங்கள்.

தொப்பூர் கணவாயில் சாலையோரம் எடுக்க நினைக்கவே வேண்டாம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் இறங்கும் இடம் அது. கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகளும் அப்படித்தான். தண்ணீர் பச்சையாக அழகாகத் தெரியும், செங்குத்தான பாறையில் ஒருவர் வழுக்கினால் ஏறி வர வழி இருக்காது.

4. அனுமதி

யாருடைய இடம் என்று பார்த்து அவரிடம் கேளுங்கள். கிருஷ்ணகிரி அணை என்றால் நீர்வளத்துறை. ராயக்கோட்டை கோட்டை என்றால் மத்தியத் தொல்லியல் துறை. காட்டுப் பகுதி என்றால் மாவட்ட வன அலுவலர். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டின் பெரும் பகுதி காவேரி வடக்கு, காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. யானை நடமாட்டம் உள்ள இடத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவது சட்டத்துக்கும் உயிருக்கும் கேடு. தனியார் தோப்பு என்றால் ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தில் தேதி, நேரம், சேதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் அனுமதி, உரிமையாளரின் தம்பி வந்து நிற்கும் வரைதான்.

ட்ரோனுக்கு 2021 ட்ரோன் விதிகள் பொருந்தும். டிஜிட்டல் ஸ்கை என்ற மத்திய அரசின் ட்ரோன் இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று காட்டும் இடத்தில் தரையிலிருந்து 120 மீட்டர் வரை பறக்கவிடலாம். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் வரைபடம் பார்க்காமல் ட்ரோனைக் கிளப்பாதீர்கள்.

5. காஸ்ட்யூமும் மேக்கப்பும்

உடை வாங்குவது இடம் முடிவான பிறகுதான். நம் ஊர்ப் பின்னணி பெரும்பாலும் செம்மண், சாம்பல் பாறை, காய்ந்த புல். காவி, காக்கி, பழுப்பு நிறங்கள் அதில் கரைந்துபோகும். நீலம், மயில்பச்சை, அடர் சிவப்பு எடுப்பாக நிற்கும். ரோஜாத் தோட்டத்திலோ பச்சையையும் சிவப்பையும் விட்டு மஞ்சள், வெளிர் நீலம் என்று போகலாம்.

- சின்னக் கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் நெளியும், வேண்டாம்.
- பளீர் வெள்ளைச் சட்டை வெயிலில் விவரமில்லாமல் எரிந்துவிடும். சந்தன வெள்ளை பாதுகாப்பானது.
- டீ ஷர்ட்டில் கம்பெனி முத்திரை இருந்தால் மறையுங்கள்.
- கூலிங் கிளாஸில் மொத்தக் குழுவும் தெரியும். கண்ணாடியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டச் சொல்லுங்கள்.
- பாறையில் ஆடுவதற்குப் புது ஷூ கூடாது. அடி வழவழவென்று இருக்கும்.

டான்சர்களின் உடை பாடகருடையதை விட ஒரு படி மங்கலாக, தங்களுக்குள் ஒரே நிறக் குடும்பமாக இருக்கட்டும். எல்லோருக்கும் ஜிகினா வைத்துவிட்டு யார் பாடுகிறார் என்று தெரியவில்லை என்று எடிட்டில் புலம்பிப் பயனில்லை. துணி அசைய வேண்டிய ஷாட்டுக்கு ஜார்ஜெட், ஷிஃபான் எடுங்கள். பட்டு கனமானது, காற்றடித்தாலும் விறைப்பாக நிற்கும்.

மேக்கப்பில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கல்யாண மேக்கப் போல முகத்தை இரண்டு மூன்று நிறம் வெளுப்பாக்குகிறார்கள். க்ளோசப்பில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை வேறு நிறம். எடிட்டில் இதை ஒழுங்காகச் சரிசெய்ய வழியில்லை. தோலின் சொந்த நிறத்துக்கு ஃபவுண்டேஷன் போட்டு, எண்ணெய்ப் பளபளப்பை மட்டும் பவுடரால் குறையுங்கள். வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று பாடகரே கேட்டால், வெயிலில் ஒரு சோதனைக் க்ளோசப் எடுத்து அவரிடமே காட்டுங்கள், பேச்சு முடிந்துவிடும்.

ஒவ்வொரு உடையிலும் முன், பின், பக்கவாட்டு என்று செல்போனில் மூன்று படம் எடுத்து வையுங்கள். மதிய உணவுக்குப் பிறகு காதணி மாறியிருந்தால் அந்தப் படம்தான் காட்டிக்கொடுக்கும்.

6. பிளேபேக்: பாதிப் பாட்டு இதில்தான் கெடுகிறது

பாடகர் வாயசைக்கக் கேட்கும் பாட்டுதான் பிளேபேக். ஷூட்டுக்கு முந்தின நாளே கோப்புகளைத் தயார் செய்யுங்கள். முழுப் பாட்டு ஒன்று, பல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம் தனித்தனியாக. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பாட்டின் வேகத்திலேயே நான்கு தட்டு ஒலி வையுங்கள். அது இல்லாவிட்டால் முதல் வார்த்தை ஒவ்வொரு டேக்கிலும் தவறும், பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் பதற்றம் முகத்திலும் தெரியும்.

ஸ்லோமோஷனில் வாயசைப்பு வேண்டுமானால் பாட்டை வேகமாகப் போட்டு, கேமராவையும் அதே விகிதத்தில் வேகமாக ஓட்ட வேண்டும். பிறகு மெதுவாக்கினால் உதடு பாட்டோடு பொருந்தும், முடியும் துணியும் மிதக்கும். கணக்கு எளிது:

- எடிட் நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப் படம்), கேமரா 50 ஃப்ரேம்: பாட்டு 200 சதவீத வேகம்.
- எடிட் 25, கேமரா 30: பாட்டு 120 சதவீதம்.
- எடிட் 30, கேமரா 60, செல்போனில் இதுதான் வசதி: பாட்டு 200 சதவீதம்.

வேகம் கூட்டும்போது சுருதி மாறாமல் வைக்கும் வசதி பெரும்பாலான எடிட் மென்பொருளில் இருக்கிறது. அதைப் போடுங்கள், இல்லையென்றால் கீச்சுக் குரலில் வார்த்தை புரியாது. 200 சதவீதத்தில் பாடுவது கடினம், நெருக்கமான வரிகள் உள்ள ராப் பகுதிக்கு முயல வேண்டாம். பாடகர் ஒரு வாரம் முன்பே அந்தக் கோப்பை வைத்துப் பழகட்டும்.

எதிர்விதமும் உண்டு. பாட்டை 50 சதவீதத்தில் போட்டு, சாதாரண ஃப்ரேமில் எடுத்து, எடிட்டில் இரண்டு மடங்கு வேகமாக்கினால் பாடகர் இயல்பாகப் பாடுவார், பின்னால் ஊரே ஓடும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் போன்ற கூட்டமான இடத்துக்கு இது நன்றாக இருக்கும்.

ஸ்பீக்கர் விஷயம். இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கரை இரண்டு செல்போனில் இணைத்து ஒரே நேரத்தில் அழுத்துகிறார்கள். இரண்டின் தாமதமும் வேறு வேறு, பாடகர் ஒன்றைக் கேட்க டான்சர்கள் மற்றதைக் கேட்டு ஆடுவார்கள். ஒரே ஸ்பீக்கர், வயர் இணைப்பு, அது பாடகர் பக்கத்தில். ஒலி 34 மீட்டர் போக 0.1 நொடி ஆகிறது, 25 ஃப்ரேமில் அது இரண்டரை ஃப்ரேம். எனவே கேமரா தூரத்தில் இருந்து எடுத்த ஷாட்களில் கேமரா மைக் ஒலியை வைத்துப் பொருத்தினால் உதடு முந்தி நிற்கும். அவற்றைக் கண்ணால் பார்த்து இரண்டு மூன்று ஃப்ரேம் நகர்த்துங்கள். அருவி போன்ற இடத்தில் கேமராவுக்குத் தெரியாத பக்கத்துக் காதில் ஒரு இயர்பட் வைத்து, எடிட்டில் எல்லா ஷாட்டையும் கண்ணாலேயே பொருத்துங்கள்.

பாடகர் சும்மா வாயசைக்கக் கூடாது, சத்தமாகப் பாட வேண்டும். பாடினால்தான் கழுத்து நரம்பு, தாடை, மூச்சு எல்லாம் அசையும். வெட்கப்படுகிறார் என்றால் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுங்கள், தன் குரல் தனக்கே கேட்காதபோது தைரியம் வரும்.

7. கேமராவில் கை வைக்கும் முன்

ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் வேண்டாம். ஒரே ஷாட்டுக்குள் தோல் நிறம் மாறும். ஷட்டர் வேகத்தை ஃப்ரேம் எண்ணிக்கைக்கு இரண்டு மடங்காக வையுங்கள்: 25க்கு 1/50, 50க்கு 1/100. வெயிலில் அப்படி வைத்தால் படம் எரியும், அதற்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி. ஷட்டரைக் கூட்டிச் சமாளித்தால் ஆட்டம் வெட்டு வெட்டாகத் தெரியும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டுக்குக் கீழே செல்போனில் 30 ஃப்ரேம் எடுத்தாலும் ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் மினுக்கல் வராது. திருவிழா சீரியல் செட்டின் எல்இடிகள் அப்படியும் மினுக்கலாம், பத்து நொடி எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

செல்போனின் சொந்தக் கேமரா ஆப் ஃப்ரேம் எண்ணிக்கையை நிலையாக வைக்காது. பாட்டின் தொடக்கத்தில் பொருந்தும் உதடு முடிவில் விலகுவதற்கு இதுதான் காரணம். நிலையான ஃப்ரேம் விகிதம் தரும் ஆப்பைப் பயன்படுத்துங்கள். மெமரி கணக்கு: நொடிக்கு 100 மெகாபிட் (Mbps) தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி.

8. ஷூட் நாள் வரிசை

முதல் டேக் எப்போதும் முழுப் பாட்டு, அகலமான ஷாட், நிறுத்தாமல். மழை வந்தாலும், அனுமதி கொடுத்தவர் மனம் மாறினாலும் கையில் ஒரு முழுப் பாட்டு இருக்கும். அந்த டேக்கில் யாராவது ஸ்டெப் தவறினாலும் கட் சொல்லாதீர்கள். அப்புறம் இடுப்பளவு, அப்புறம் க்ளோசப். களைப்பு முகத்தில் தெரியும் முன் க்ளோசப் முடிய வேண்டும் என்பதால் அதை மதியத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

பாட்டின் வரிசையில் எடுக்காமல் இடத்தின் வரிசையில் எடுங்கள். ஒரு வரிக்கு டேக் என்றாலும் இரண்டு வரி முன்பிருந்து பாடச் சொல்லுங்கள், வெட்ட இடம் கிடைக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப்பில் பகுதி, டேக் எண், வேகம் மூன்றும் எழுதுங்கள். 200 சதவீத டேக்கை எடிட்டர் அடையாளம் காண வேறு சுலப வழி கிடையாது.

வாயசைப்பு முடிந்ததும் இடத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கால், கை, வளையல், பறக்கும் துணி, சுற்றியுள்ள பாறை, தண்ணீர், வேடிக்கை பார்க்கும் தாத்தா என்று வாயசைப்பில்லாத துண்டு ஷாட்கள் ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம் எடுங்கள். பொருந்தாத இரண்டு டேக்கை ஒட்டவைப்பது இவைதான். தாத்தாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

ட்ரோன் கடைசியில். அதன் இரைச்சலில் ஸ்பீக்கர் கேட்காது, கூட்டமும் சேர்ந்துவிடும்.

கார்டை அன்று இரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட் செய்ய வேண்டும்.

9. ஹூக் ஸ்டெப்

மற்றவர் ரீல்ஸில் ஆட வேண்டிய ஸ்டெப் இது. எனவே கால் கட்டாயம் தெரிய வேண்டும். கேமரா இடுப்பு உயரத்தில், சற்றுத் தள்ளி. மிக அகலமான லென்ஸில் ஓரத்தில் ஆடுபவர்கள் நீண்டுபோவார்கள். கிம்பல் (கேமரா குலுங்காமல் பிடிக்கும் கைக்கருவி) ஓட்டம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒரு டேக்காவது கேமரா அசையாமல் ஸ்டாண்டில் நிற்கட்டும். கேமராவும் ஆடி டான்சரும் ஆடினால் ஸ்டெப் யாருக்கும் புரியாது.

வரிசையை நேர்கோடாக நிறுத்தாமல், பாடகர் முன்னால், மற்றவர் முக்கோணமாகப் பின்னால். ஒவ்வொருவர் இடத்திலும் தரையில் கோலமாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஷாட்டில் விழாதபடி காலுக்கு அடியில் மறைய வேண்டும். போனை நிமிர்த்தி ஒரு டேக் தனியாக எடுத்துவிடுங்கள். அகலப் படத்தை வெட்டிச் செங்குத்தாக்கினால் ஓரத்து இருவர் காணாமல் போவார்கள்.

10. எடிட்

பாட்டின் இறுதிக் கோப்பை டைம்லைனில் வைத்துப் பூட்டுங்கள். எல்லா டேக்கையும் அதன் மேல் பொருத்தி முடிக்கும் வரை ஒரு வெட்டும் போட வேண்டாம். பிறகு வாயசைப்பு டேக்குகளை மட்டும் வைத்து முழுப் பாட்டை ஒட்டுங்கள். கதையும் துண்டு ஷாட்டும் அதற்குப் பிறகு. முதலிலேயே அழகான துண்டுகளை அடுக்கினால் பாடகர் முகமே இல்லாத ஒரு நிமிடம் உருவாகிவிடும், கடைசி வரை உங்கள் கண்ணுக்குப் படாது.

எல்லாத் தட்டிலும் வெட்டாதீர்கள். பல்லவியில் தட்டோடு சேர்த்து வெட்டினால், சரணத்தில் மூச்சு விடும் இடத்தில் வெட்டுங்கள். ஹூக் ஸ்டெப்பின் முதல் சுற்று வெட்டே இல்லாமல் முழுதாக வரட்டும்.

கலர் கடைசி வேலை. முதலில் தோல் நிறம் எல்லா ஷாட்டிலும் ஒன்றாக வர வேண்டும், அப்புறம்தான் வானத்தை நீலமாக்குவது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட ஆசை இருந்தால், பட்டையில்லாத பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்து வெட்டுக்கு வேண்டும்.

11. வெளியிடும் முன்

விலை குறைந்த ஒரு செல்போனில், வெயிலில் நின்று பாருங்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள். இருட்டுக் காட்சிகள் அங்கே ஒன்றுமே தெரியாது. குழுவில் பகிரும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிய படத்தைப் பார்த்து எல்லோரும் கலர் சரியில்லை என்பார்கள்.

பெயர்ப் பட்டியலை ஒவ்வொருவரிடமும் காட்டி எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள். தம்ப்நெயில் 1280க்கு 720, அதில் இருக்கும் முகம் வீடியோவில் உள்ள அதே உடையில் இருக்கட்டும். 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போடலாம் என்றாலும் ஹூக் ஸ்டெப் வரும் ஒரு சுற்று போதும், மீதியை அவர்கள் முழு வீடியோவில் வந்து பார்க்கட்டும்.

பொதுவில் வைக்கும் முன் ஒரு நாள் முழுக்க அன்லிஸ்டட் ஆக (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி வையுங்கள். பீட்டுக்கோ இடையிசையில் சேர்த்த வேறு இசைத் துண்டுக்கோ வேறு யாராவது உரிமை கோரியிருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். முதல் கட்டத்தில் எழுதி வாங்கிய உரிமைத் தாள்களை அப்போதே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.